அழுமூஞ்சிப் பிசாசும் 14,000 ரூபாயும்

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவில் கதையை முழுசாகச் சொல்லப் போகிறேன், கிளைமாக்ஸ் உட்பட. "நான் இன்னும் பார்க்கலையே" என்பவர்கள் இப்போதே எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு, 10 எபிசோடும் பார்த்துவிட்டு வரவும். இன்னொரு எச்சரிக்கை: இது 18 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கான அனிமே. ரத்தம், நிர்வாணம், கை கால் பறப்பது எல்லாம் தாராளமாக உண்டு. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது ஹாலில் போட்டுவிடாதீர்கள். அனுபவஸ்தன் சொல்கிறேன் :-)

பெயர் 'டெவில்மேன் க்ரைபேபி'. தமிழில் சொன்னால் அழுமூஞ்சிப் பிசாசு மனிதன். 2018 ஜனவரி 5-ம் தேதி நெட்ஃப்ளிக்ஸில் 10 எபிசோடும் ஒரே நாளில் வந்தது. நான் பார்த்தது ரொம்ப லேட்டாக, போன செமஸ்டர் லீவில். சித்தப்பா பையன்தான் சொன்னான்: "அதை மட்டும் பார்க்காதடா, ரெண்டு நாளைக்கு சோறு இறங்காது." பார்க்காதே என்று சொன்னால் உடனே பார்ப்பதுதானே நம் வழக்கம். ராத்திரி 12 மணிக்கு ஆரம்பித்து, விடியற்காலை பால்காரர் சைக்கிள் பெல் கேட்கும்போது முடித்தேன்.

சோறு இறங்கியது. தூக்கம்தான் வரவில்லை. ரத்தத்தைப் பார்த்ததால் இல்லை. 9-வது எபிசோடில் ஒரு கூட்டம் வருகிறது. அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒருத்தன் நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது. அவன் யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

கதைக்கு வருவோம்.

அகிரா ஃபுடோ என்று ஒரு பையன். அப்பா அம்மா வெளிநாட்டில். அவன் மகிமுரா என்ற குடும்பத்தோடு தங்கிப் படிக்கிறான். அந்த வீட்டுப் பெண் மிகி, ஸ்கூலில் ஓட்டப்பந்தய ஸ்டார். அகிராவும் ஓடுவான், ஆனால் கடைசியில் வருவான். அவனிடம் இருக்கும் ஒரே ஸ்பெஷாலிட்டி, மற்றவர்களுக்காக அழுவது. அடுத்தவனுக்கு வலித்தால் இவன் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நம் ஊரில் இப்படி ஒரு பையன் இருந்தால் என்ன பட்டம் கொடுப்போம் என்று உங்களுக்கே தெரியும்.

சின்ன வயது நண்பன் ரியோ அசுகா ஒரு நாள் திடீரென்று வெள்ளைக் கோட்டும் காருமாக வந்து நிற்கிறான். பிசாசுகள் உண்மையிலேயே இருக்கின்றன, மனிதர்கள் உடம்பில் புகுந்து ஒளிந்திருக்கின்றன, அவற்றோடு சண்டை போட வேண்டுமானால் நாமும் பிசாசாக வேண்டும் என்கிறான். அகிராவை 'சப்பாத்' என்கிற ரகசியப் பார்ட்டிக்கு இழுத்துப் போகிறான். போதை, ஆட்டம், கூத்து. அங்கே பாட்டிலை உடைத்துக் கண்ணில் பட்டவர்களை எல்லாம் ரியோ குத்த ஆரம்பிக்கிறான், ரத்தம் பார்த்தால் பிசாசு வெளியே வருமாம். வருகிறது. அமோன் என்கிற பெரிய பிசாசு அகிராவுக்குள் புகுகிறது. ஆனால் அகிராவின் மனசை அதனால் முழுங்க முடியவில்லை. உடம்பு பிசாசு, மனசு மனிதன். அதுதான் டெவில்மேன்.

இதுவரை கேட்டால் சாதாரண சூப்பர் ஹீரோ கதை மாதிரிதான் இருக்கும். நோஞ்சான் பையனுக்கு சக்தி வருகிறது, உடம்பு முறுக்கேறுகிறது, பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், வில்லன்களை அடிக்கிறான். முதல் இரண்டு எபிசோடும் அப்படித்தான் போகும். நானும் "சரி, மசாலா" என்று காலை நீட்டிக்கொண்டேன். பிறகுதான் ஒவ்வொரு அடியாக விழுகிறது. ஜின்மென் என்று ஆமை மாதிரி ஒரு பிசாசு. அது தின்ற மனிதர்களின் முகங்கள் அதன் ஓட்டில் உயிரோடு இருக்கும், பேசும், கெஞ்சும். ஓட்டை உடைத்தால்தான் அது சாகும், உடைத்தால் அந்த முகங்களும் சாகும். அதில் ஒரு முகம் அகிராவின் அம்மா. எந்த மசாலா ஹீரோவுக்கும் இப்படி ஒரு சண்டைக் காட்சி வைக்க மாட்டார்கள்.

கொஞ்சம் வரலாறு. இது புதுக் கதை இல்லை. கோ நாகாய் என்பவர் 1972-73-ல் வாரப் பத்திரிகையில் தொடராக வரைந்த 'டெவில்மேன்' மங்காதான் மூலம். (மாங்கா இல்லீங்க, மங்கா. ஜப்பானியப் படக்கதை.) ராட்சச ரோபோவுக்குள் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற 'மாஸிங்கர் Z' (1972) இருக்கிறதே, அதுவும் இவர் கைங்கரியம்தான். டெவில்மேனுக்கு முன்னால் 1971-ல் 'டீமன் லார்ட் தாந்தே' என்று ஒரு தொடர் வரைந்திருந்தார். அதைப் பார்த்த டோயி நிறுவனம், இதே மாதிரி ஆனால் கொஞ்சம் ஹீரோத்தனமாக டிவிக்கு ஒன்று வேண்டும் என்று கேட்க, டெவில்மேன் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், ஒரே வருடத்தில் ஒரே பெயரில் இரண்டு டெவில்மேன். டிவியில் வந்தது 39 எபிசோட், குழந்தைகளுக்கானது, வாரம் ஒரு பிசாசு வரும், டெவில்மேன் அடித்துத் துவைப்பார், சுபம். பத்திரிகையில் வந்ததோ உலகமே அழிகிற கதை. டிவி பார்த்துவிட்டு ஆசையாகப் பத்திரிகையைப் புரட்டிய குழந்தைகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்!

இது போருக்கு எதிரான கதை என்று நாகாய் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த சமயம். சாதாரணப் பையனைப் பிடித்துக் கொல்லத் தெரிந்த உடம்பாக மாற்றிக் களத்துக்கு அனுப்புவது என்ற கோணத்தில் பார்த்தால், அகிராவுக்குள் அமோன் புகுவது பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பதேதான்.

நாகாய் பிறந்த ஊர் வாஜிமா. அங்கே அவர் பெயரில் ஒரு மியூசியம் இருந்தது. 2024 ஜனவரி 1-ம் தேதி நோட்டோ பூகம்பத்தைத் தொடர்ந்து ஊரில் பிடித்த தீயில் அது எரிந்துபோனது. உலகம் எரிகிற கதையை வரைந்தவரின் மியூசியத்துக்கு அந்தக் கதி. படித்தபோது என்னவோ போல இருந்தது.

நாகாயின் 50 வருடத் தொழில் வாழ்க்கையைக் கொண்டாட எடுத்ததுதான் க்ரைபேபி. டைரக்டர் மசாகி யுவாசா. சயின்ஸ் சாரு ஸ்டூடியோவை ஆரம்பித்தவர்களில் ஒருவர். 'மைண்ட் கேம்' (2004), 'பிங் பாங்' (2014) எல்லாம் இவர் எடுத்தது. இவர் படங்களில் மனிதர்கள் ரப்பர் மாதிரி இழுபடுவார்கள், ஓடும்போது கால்கள் நீண்டு கோடாகிவிடும். "என்னய்யா இது, ஸ்கூல் பையன் நோட்டில் கிறுக்கின மாதிரி இருக்கே" என்று முதலில் தோன்றும். இரண்டாவது எபிசோடில் பழகிவிடும். நான்காவதில் வேறு எப்படி வரைந்தாலும் இந்தக் கதைக்கு ஒட்டாது என்று தோன்றும். கென்சுகே உஷியோவின் இசை பற்றித் தனிப் பதிவே போடலாம், போடவும் செய்வேன் (இப்படிச் சொல்லி பாக்கி வைத்த பதிவுகள் இதோடு ஏழு).

யுவாசா மூலக்கதையை மாற்றிய இடங்கள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மூன்று சொல்கிறேன்.

ஒன்று, ஓட்டம். கதையில் எல்லோரும் ஓடுகிறார்கள். மிகி ஓடுகிறாள், அவளிடம் தோற்றுக்கொண்டே இருக்கும் மிகோ ஓடுகிறாள். இந்த மிகோவின் நிஜப் பெயரும் மிகிதான். இன்னொரு மிகி வந்து ஸ்டாராகிவிட்டதால் இவள் பெயர் சுருங்கி மிகோ ஆகிவிட்டது. ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்து, இரண்டாவது கார்த்திக்காக வாழ்ந்தவர்களுக்கு இந்த வலி புரியும். ரிலே ரேஸில் கைமாறும் பேட்டன் கதை முழுக்க வந்துகொண்டே இருக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு, ராப் பையன்கள். பழைய மங்காவில் ஸ்கூல் ரவுடிகளாக வந்தவர்கள், இதில் தெருவோரம் நின்று ராப் பாடுகிற நான்கைந்து பையன்கள். ஊரில் என்ன நடக்கிறது, யார் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று அவர்கள் பாட்டிலேயே வந்துவிடும். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவானே, அந்த வேலை. சும்மா நக்கல் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்திருப்போம். முடிவில் அவர்களில் யார் மிகி பக்கம் நிற்கிறான், யார் நழுவுகிறான் என்பதில்தான் நெஞ்சு அடைக்கும்.

மூன்று, செல்போன். 1972-ல் வதந்தி பரவ வாய் வேண்டும், ரேடியோ வேண்டும். 2018-ல் விரல் போதும்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காசு வாங்கிவிட்டான் என்பீர்கள். நிர்வாணமும் வன்முறையும் பாதி இடங்களில் தேவைக்கு மேல். கோடா என்கிற ஓட்டக்காரனின் கதை தனியாக இரண்டு எபிசோட் தாங்கும், அவசர அவசரமாக முடிக்கிறார்கள். கடைசிப் போர் உலகம் முழுக்க நடக்கிறதாம், நமக்கு டிவி செய்தித் துணுக்குகளாகத்தான் தெரிகிறது. 10 எபிசோடுக்குள் அடைக்க வேண்டும் என்று டிபன் பாக்ஸில் சாதத்தை அமுக்குகிற மாதிரி அமுக்கியிருக்கிறார்கள். இருந்தும், 9-வது எபிசோட் ஒன்று போதும்.

பிசாசுகள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். அகிரா உருமாறும் வீடியோவை ரியோவே டிவியில் காட்டிவிடுகிறான். அவ்வளவுதான், ஊர் வெறி பிடிக்கிறது. பிசாசு தின்றதைவிட மனிதன் கொன்றது அதிகமாகிவிடுமோ என்று தோன்ற ஆரம்பிக்கிறது. ஓரிடத்தில் சந்தேகப்பட்டவர்களைக் கட்டிவைத்துக் கூட்டம் கல்லெறிகிறது. அகிரா குறுக்கே போய் நிற்கிறான். அவன் நினைத்தால் ஒரு நிமிஷத்தில் மொத்தக் கூட்டத்தையும் துவம்சம் செய்யலாம். செய்யவில்லை. கல்லை எல்லாம் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு அழுகிறான். கடைசியில் ஒரு குழந்தை கல்லைக் கீழே போட்டுவிட்டு வந்து அவனைக் கட்டிக்கொள்கிறது. பிறகு இன்னொருவர், இன்னொருவர். ஒரு கூட்டம் கலைவதற்கு ஒரு ஆள் போதும் என்று அந்த இடத்தில் நம்பத் தோன்றும்.

அந்த நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுத்தான் அடிக்கிறார்கள். மிகி தன் போனில் அகிராவைப் பற்றி எழுதுகிறாள். அவன் பிசாசு இல்லை, எனக்குத் தெரியும், நான் அவனை நம்புகிறேன் என்கிற மாதிரி. கீழே வசவு வந்து குவிகிறது. நடுநடுவே "நானும் நம்புகிறேன்" என்று ஒன்றிரண்டு. அவள் வீட்டு முகவரி தெரிந்துவிடுகிறது. கூட்டம் கத்தி கட்டையோடு வருகிறது. மிகி ஓடுகிறாள். கதை முழுக்க ஓடினாளே, அதே ஓட்டம். இந்த முறை ஜெயிக்கவில்லை. அகிரா வந்து சேரும்போது கூட்டம் அவளைத் துண்டுகளாகக் கம்பில் ஏந்தி நெருப்பைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறது.

கவனியுங்கள், அந்தக் கூட்டத்தில் ஒரு பிசாசு கூட இல்லை. எல்லாம் மனிதர்கள். "எங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே செய்தோம்" என்கிற ரகம்.

இதைப் பார்த்துவிட்டு "சும்மா மிகைப்படுத்துறாங்கப்பா" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு ஜப்பானின் 1923 பற்றிப் படித்தேன்.

1923 செப்டம்பர் 1, மதியம் 12 மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது டோக்கியோ, யோகோஹாமா பக்கம் பெரும் பூகம்பம். மதியச் சமையலுக்கு எங்கும் அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். தீ பரவி ஊரே எரிந்தது. 1 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அன்றைக்கே வதந்தி கிளம்பியது: கொரியாக்காரர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், அவர்கள்தான் தீ வைக்கிறார்கள். கொரியா அப்போது ஜப்பானின் பிடியில் இருந்தது. பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள் ஏராளம். போலீஸே அந்த வதந்தியைப் பரப்பவும் செய்தது. தெருவுக்குத் தெரு காவல் கும்பல்கள் கிளம்பின. மூங்கில் ஈட்டி, வாள், கட்டை. ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றார்கள். சீனர்களையும் விடவில்லை.

யார் கொரியன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு டெஸ்ட். "15 யென் 50 சென்" என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்வார்கள். 'ஜூகோ-என் கோஜுஸ்ஸென்'. அதில் வருகிற அழுத்தமான சப்தங்கள் கொரிய நாக்குக்குச் சரியாக வராது. தடுமாறினால் முடிந்தது கதை. நம்மை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து 'ழ' சொல்லச் சொன்னால் எத்தனை பேர் தேறுவோம்? நினைத்துப் பாருங்கள்.

நான் படிப்பது பி.காம். மூன்று வருடமாக நாள் முழுக்கத் தொகைகளை எழுதிக் கூட்டிக் கழிக்கிறேன். ஒரு தொகையை உச்சரிப்பதில் ஒரு உயிர் போகும் என்று எந்தப் பாடத்திலும் வந்ததில்லை.

அதோடு முடியவில்லை. செப்டம்பர் 6-ம் தேதி, சிபா மாவட்டத்தில் ஃபுகுடா என்கிற கிராமம். தொலைதூர ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்த 15 பேர் கொண்ட கூட்டம். எல்லோரும் ஜப்பானியர்கள். ஆனால் பேச்சு வழக்கு வேறு மாதிரி இருந்தது. சந்தேகம். 9 பேரைக் கொன்றார்கள், அதில் குழந்தைகளும் ஒரு கர்ப்பிணியும் உண்டு. இதை வைத்துத் தட்சுயா மோரி 2023-ல், சரியாக நூறாவது வருடம், ஒரு படம் எடுத்தார்.

நாகாயோ யுவாசாவோ இந்தச் சம்பவத்தை மனசில் வைத்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 9-வது எபிசோடில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை என்பது மட்டும் புரிந்தது. சிறகும் கொம்பும்தான் கற்பனை. கூட்டம் கற்பனை இல்லை.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன்.

இரண்டாம் வருடம், ஹாஸ்டல். ஐ.வி. போவதற்கு வகுப்பில் எல்லோரிடமும் பணம் வசூல் செய்தோம். 14,000 ரூபாய் சேர்ந்திருந்தது, வசூல் செய்த பையனின் அறையில். ஒரு வியாழக்கிழமை ராத்திரி, பணத்தைக் காணோம் என்று வகுப்பு வாட்ஸப் குரூப்பில் போட்டான். பத்து நிமிஷத்தில் ஆராய்ச்சி ஆரம்பமாகிவிட்டது. அந்த அறைக்கு யார் யார் போனார்கள்? ஒரு பையன் பெயர் வந்தது. அதிகம் பேசமாட்டான். மெஸ் பில் எப்போதும் லேட்டாகத்தான் கட்டுவான். ஒருத்தன் ஒரு போட்டோ போட்டான். அந்தப் பையனின் கால், புது ஷூ. கீழே வேறு ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. கேள்விக்குறிகளும் சிரிப்பு பொம்மைகளும் வந்து விழுந்தன.

நானும் எழுதினேன். "எனக்கும் அப்பவே டவுட்டு மச்சி." ஐந்து வார்த்தை கூட இல்லை. எனக்கு எப்பவும் டவுட்டு இருந்ததில்லை. அவனைப் பற்றி யோசித்தது கூட இல்லை. எல்லோரும் போடுகிறார்கள், நாமும் ஒன்று போடுவோம் என்று போட்டது. போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

அந்தப் பையனும் குரூப்பில் இருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருப்பான். ஒரு வார்த்தை பதில் போடவில்லை. அன்று ராத்திரியே நாலு பேர் போய் அவன் பெட்டியைத் திறக்கச் சொல்லி, துணி துணியாக எடுத்துப் போட்டுப் பார்த்தார்களாம். நான் அங்கே இல்லை. இல்லை என்பதையே ரொம்ப நாள் ஒரு சமாதானமாக வைத்திருந்தேன்.

நாலு நாள் கழித்துப் பணம் கிடைத்தது. வசூல் செய்தவனின் பையிலேயே, பின்பக்க ஜிப்புக்குள், ரெக்கார்டு நோட்டு அட்டைக்கு உள்ளே. பத்திரமாக இருக்கட்டும் என்று அவனே வைத்து, அவனே மறந்திருக்கிறான். குரூப்பில் "கெடச்சுருச்சு" என்று போட்டான். கை தட்டுகிற பொம்மை, நடனமாடுகிற பொம்மை. அடுத்த நிமிஷம் கிரிக்கெட் மீம்ஸ். ஷூ போட்டோவை அழிக்கக் கூட யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பையன் அடுத்த மாதம் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, தினமும் இரண்டு பஸ் மாறி வீட்டிலிருந்து வர ஆரம்பித்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

9-வது எபிசோடில் மிகியின் போனில் வந்து விழுந்த வசவுகளில் ஒன்று என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கத்தி எடுத்தவன் ஒருத்தன், கம்பு எடுத்தவன் ஒருத்தன். தூங்கப் போவதற்கு முன்னால் ஐந்து வார்த்தை எழுதிவிட்டுப் போனவன் ஒருத்தன். கூட்டம் என்பது இவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான்.

எங்கள் அக்கவுண்டன்சி பாடத்தில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. ட்ரையல் பேலன்ஸ் போட்டால் இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும். சில சமயம் ஆகாது, எங்கேயோ தப்பு, எங்கே என்று தெரியாது. அப்போது அந்த வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் தற்காலிகமாகப் போட்டுவைத்துவிட்டுத் தேட வேண்டும். தப்பு கிடைத்ததும் திருத்தல் பதிவு போட்டு அதை மூட வேண்டும். கணக்கு டேலி ஆகவில்லையே என்பதற்காகக் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒருத்தர் பெயரில் தொகையை எழுதிவிடக் கூடாது. பரீட்சையில் அப்படிச் செய்தால் மார்க் போகும். முதல் வருடப் பையனுக்குக் கூட இது தெரியும். அன்று ராத்திரி குரூப்பில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும், அத்தனை பேரும் காமர்ஸ் மாணவர்கள். 14,000 ரூபாய் டேலி ஆகவில்லை. தெரியாததைத் தெரியாததாகவே வைத்திருக்க நாலு நாள் எங்களுக்குப் பொறுமை இல்லை. ஒருத்தன் பெயரில் எழுதிவிட்டோம். பணம் கிடைத்த பிறகு திருத்தல் பதிவும் போடவில்லை.

கடைசி எபிசோடுக்கு வருகிறேன். ரியோதான் சாத்தான். அவனுக்கே அது தெரியாமல் இருந்திருக்கிறது. அன்பு என்று ஒன்று கிடையாது, வருத்தம் என்று ஒன்று கிடையாது என்று நம்புகிறவன். சின்ன வயதில் செத்துக்கொண்டிருந்த ஒரு பூனைக்குட்டிக்காக அகிரா அழுதபோது, எதற்கு அழுகிறான் என்றே அவனுக்குப் புரியவில்லை. இப்போது எல்லாம் அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பது அவனும் அகிராவும். இருவரும் அருகருகே படுத்திருக்க, ரியோ பேசிக்கொண்டே இருக்கிறான். அகிரா பதில் சொல்லவில்லை. காட்சி விலகும்போதுதான் தெரிகிறது, அகிராவின் உடம்பு பாதிதான் இருக்கிறது. ஜெயித்தவன் ரியோ. அப்போதுதான் அவனுக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அழுகை வருகிறது. கேட்க ஆள் இல்லை.

அந்த பேட்டன் சொன்னேனே. கதை முழுக்க அது கை மாறி மாறி வருகிறது. ஒவ்வொருவரும் வாங்கி அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள். ரியோவிடம் நீட்டும்போது மட்டும் அவன் வாங்குவதில்லை. வாங்க வேண்டும் என்று தோன்றும்போது நீட்டக் கை இல்லை.

தலைப்பில் இருக்கிற அழுமூஞ்சி அகிரா என்றுதான் கடைசி வரை நினைத்திருந்தேன். ரியோவும்தான்.

அகிரா மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. கல்லெறிந்த கூட்டத்தின் முன் அழுதுகொண்டு நின்ற அதே அகிரா, மிகியைக் கொன்ற கூட்டத்தை மொத்தமாக எரித்துவிடுகிறான். அந்த நேரம் பார்க்கிற நமக்கும் "எரிடா" என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகுதான் உறைத்தது, எரிகிற கூட்டத்தில் நானும் நிற்கிறேனே என்று.

லீவு முடிந்து காலேஜ் திறந்த முதல் வாரம். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பையன் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. மூன்று தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். "அன்னைக்கு குரூப்ல நான் ஒண்ணு போட்டேன்ல, அது தப்பு. எனக்கு ஒண்ணுமே தெரியாது, சும்மா போட்டேன். சாரிடா" என்றேன். வாய் குழறியது.

அவன் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஷூ எங்க அக்கா வாங்கிக் கொடுத்தது. மொத மாச சம்பளத்துல" என்றான்.

அவ்வளவுதான். பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, மன்னிச்சேன் என்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். ஒரு வருடமாக அந்த ஒரு வரியை யாரிடமாவது சொல்ல வைத்திருந்திருக்கிறான். கேட்கத்தான் ஆள் வரவில்லை.

அன்று ராத்திரி குரூப்பில் பழைய மெசேஜைத் தேடிப் பிடித்து, அதற்கே பதிலாக "இது பொய். நான் எழுதியது. அவன்கிட்ட சாரி கேட்டுட்டேன்" என்று போட்டேன். இரண்டு பேர் "என்னடா திடீர்னு" என்றார்கள். ஒருத்தன் மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பினான்: "மச்சி, அவன் எந்த பஸ்ல போவான்?" ஷூ போட்டோ போட்டவன்.

டிஸ்கி: இந்த அனிமேவைப் பார்த்தே தீர வேண்டும் என்று யாரையும் வற்புறுத்த மாட்டேன். ரத்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாக விட்டுவிடலாம். பார்ப்பவர்கள் 9-வது எபிசோடை மட்டும் ராத்திரி தனியாகப் பார்க்காதீர்கள். அப்படியே பார்த்தால், கூட்டத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது நிற்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.